போதும் என்று சொல்லாத இடம்

எனக்கு வளையல் போட்ட அன்று வந்திருந்தவர்கள் இவர்கள். என் மாமியார் அஞ்சலை. பொதட்டூர்பேட்டையிலிருந்து என் அண்ணன், அண்ணி. பக்கத்து வீட்டு ரோசம்மா. எங்கள் தெருவுக்குப் பிரசவம் பார்க்கும் குப்பம்மா. பிள்ளை பெற்ற பெண்கள் ஐந்து பேர். என் மகள் செல்வி, அப்போது ஏழு வயது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். வயிற்றுப் பிள்ளைக்காகத்தான் அந்தச் சடங்கு. அந்தப் பிள்ளைதான் இல்லை. அது எங்களுக்குத் தெரிய இன்னும் நான்கு மாதம் ஆனது.

எங்கள் ஊர் பொன்னேரிக்குப் பக்கம். என் மாமனார் இருந்தவரை நெல் வயலில் கூலி வேலை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்ததும் என் வீட்டுக்காரர் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். ரயிலில் போய் வருவார். நான் ஐந்தாவது வரை படித்தேன். நடவுக்கும் களைக்கும் போவேன். செல்விக்குப் பிறகு ஆறு வருடம் எனக்கு எதுவும் தங்கவில்லை. அதனால் நாள் தள்ளிப் போனதும் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

காலையில் எழுந்தால் தலைவலி. பிறகு வாந்தி. மசக்கை என்றார்கள். நான்காம் மாதம் மார்பில் பால் கசிந்தது. குப்பம்மா அமுக்கிப் பார்த்தாள்.

"பாலே வந்துட்ச்சி. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்றாள்.

வாந்தி எடுத்த வாயைக் கொப்பளித்துவிட்டு உடனே சாப்பிட உட்கார்வேன். பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். அதனால் யாரும் எனக்கு இல்லை என்று சொல்லவில்லை. ரோசம்மா மீன் குழம்பு கொண்டுவந்தாள். கம்பெனியில் இவரோடு வேலை செய்தவர்கள் பொரி உருண்டை கொடுத்து அனுப்பினார்கள். வளையல் போட்ட அன்று ஐந்து வகைச் சோறு. ஐந்தையும் நான் தின்று முடித்தேன்.

"ஏண்டி குப்பம்மா, உள்ள ஒண்ணா ரெண்டா? எட்டிப் பாத்துச் சொல்லு" என்றாள் அண்ணி.

"ரெட்டப் புள்ளதான். ஒண்ணு கையில தட்டோட கீது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அடுத்த வேளைக்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பசியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டிருப்பேன். ஏப்பம் வரும். ஆனாலும் மூன்று நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி இருக்கும். ருசி ஒன்றும் கிடையாது. ஊற வைத்த அரிசியைத் தின்றேன். புளியைத் தின்றேன். மாட்டுக்கு வைத்த கழுநீரில் கிடந்த பருக்கையை எடுத்துத் தின்றேன். கடைசியைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடுகளில் சமைக்கிறவள் கடைசியில் சாப்பிடுவாள். சட்டியில் எவ்வளவு மீந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் நான் எவ்வளவு தின்றேன் என்பது யாருக்கும் தெரியாது.

ஒன்பதாம் மாதம் என்று நாங்கள் நினைத்த மாதத்தில் ஒரு நாள். செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அவளுக்கு வைத்திருந்த சோற்றை நான் தின்றிருந்தேன். மாமியார் வந்து சட்டியைப் பார்த்தாள். செல்விதான் தின்றுவிட்டு மறைக்கிறாள் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தாள்.

"வாயும் வயிறுமா கீற அம்மாவுக்குக்கூட வெக்காம தின்னுட்டியே, பாவி."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அன்று முதல் எனக்கு ஒரே பயம்தான். தலைவலியைப் பற்றி இல்லை. திரும்பவும் என் பிள்ளை சோற்றைத் தின்றுவிடுவேன் என்ற பயம்.

பத்து மாதம் முடிந்தது. ஆண் பிள்ளை என்றால் நாள் தள்ளும் என்றாள் குப்பம்மா. பதினொன்று ஆனது. அப்போது எனக்குப் பக்கத்துப் பார்வை போய்க்கொண்டிருந்தது. நேரே இருப்பது தெரியும். இடது பக்கமும் வலது பக்கமும் வருவது தெரியாது. நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வேன். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மாட்டு வண்டி என்மேல் ஏற இருந்தது. என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"இது புள்ள சமாச்சாரம் இல்லமே. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். மாமியாரும் கூட வந்தாள்.

"எத்தனை மாசம்?"

"பதினொண்ணு" என்றாள் மாமியார்.

டாக்டர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். என்னைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டார். குழல் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

"கொழந்தை இல்லம்மா. இது வெறும் உடம்பு."

"வளையல் போட்டுட்டமே, டாக்டரம்மா" என்றாள் மாமியார்.

டாக்டர் என்னை எழுந்து உட்கார வைத்தார். என் மூக்குக்கு நேரே பார்க்கச் சொன்னார். இரண்டு பக்கமும் விரலை ஆட்டினாராம். எனக்கு விரல் தெரியவில்லை. உடனே ஒரு சீட்டு எழுதி மெட்ராஸுக்குப் போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவில் பேச்சு வேறு மாதிரி போனது. நான் பிள்ளையை உள்ளேயே தின்றுவிட்டேன் என்று சொன்னார்கள். குழாயடியில் என் காதில் விழவே சொன்னார்கள். வளையலை நானே கழற்றினேன். மூன்று கழலவில்லை. கை அவ்வளவு பெருத்திருந்தது.

மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி. வெளி நோயாளிகள் உட்காரும் நடையில் தரையில் உட்கார்ந்திருந்தோம். என் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அதனால் இவர் ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை. என் அண்ணன் பன் வாங்கி வந்தார். பாவம், பிரியமாக வாங்கி வந்தார். ஆறு பன். மூன்று பேருக்கு என்று வாங்கியது. நான் ஐந்து தின்றேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று பரிசோதனை நடந்தது. இன்னொருவருக்கு உதவும் என்று சொல்கிறேன்.

முதலில் தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். வலி இல்லை. இரண்டாவது கண் பரிசோதனை. கறுப்புத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து, குச்சி நுனியில் வெள்ளைப் பொட்டு வைத்து ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவருவார்கள். தெரிந்ததும் சொல்ல வேண்டும். எனக்கு நடுவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது காற்றுப் பரிசோதனை. முதுகெலும்பில் ஊசி போட்டு உள்ளே இருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றுகிறார்கள். காற்று தலைக்கு ஏறும். அப்போது படம் எடுத்தால் மூளையில் எது எங்கே இருக்கிறது என்று தெரியுமாம். அந்தத் தலைவலியைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கண்ணைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் பசித்தது.

பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூக்குக்குப் பின்னால், நடு மண்டையில், எலும்பில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம் எல்லோருக்கும் இருக்குமாம். எனக்கு அதற்கு மேலே ஒரு கட்டி. சுண்ணாம்பு படிந்து படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. புற்று இல்லை, ஆனால் இருக்கிற இடம் மோசம் என்றார். கண் நரம்பு இரண்டும் அங்கேதான் சேர்கின்றன. அதை அழுத்தியதால் பார்வை போனது. மாதவிலக்கு நின்றதும் பால் வந்ததும் அதனால்தான்.

"பசியும் அதனாலயா சார்?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். அதுவரை இவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. மூளைக்கு அடியில மொச்சைக்கொட்டை அளவு ஓர் இடம். பசி, தாகம், தூக்கம் எல்லாம் பாத்துக்கறது அதுதான். நீ சாப்பிடறே, வயிறு நிறையுது, அந்தச் சேதி அங்க போகும். அது போதும்னு சொல்லணும். உனக்கு அது சொல்றதில்லை. வயிறு நிறைஞ்சும் நீ பட்டினின்னு அது நினைச்சுக்குது. கொஞ்சமா தின்னாலும் அதைக் கொழுப்பாச் சேத்து வைக்குது."

என் வீட்டுக்காரர் கேட்டார். "எங்க கம்பெனில பர்னஸுக்கு மீட்டர் கீது சார். அந்த முள்ளு ஒடஞ்சிட்டா, உள்ள எவ்ளோ சூடு ஏறினாலும் இன்னும் பத்தலன்னே காட்டும். நாங்க எண்ணெய விட்டுக்கினே இருப்போம். அந்த மாதிரியா?"

"அதேதான்" என்றார் டாக்டர்.

தின்னி என்று ஊர் சொன்னது. நானும் என்னை அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று கொஞ்சம் அழுதேன்.

"கண்ணு போனா போவுது சார். இந்தப் பசி போவுமா?" என்று கேட்டேன்.

"கட்டியை எடுத்தாத்தான் தெரியும்" என்றார்.

வார்டில் எனக்கு ஏழாம் நம்பர் படுக்கை. ஆறாம் நம்பரில் ஆயிஷாம்மா என்று ஒருவர், தலையில் அடிபட்டு வந்தவர். காலையில் எல்லோருக்கும் ரொட்டியும் பாலும் வரும். முதல் நாள் அவர் முகம் கழுவப் போன நேரம் அவர் ரொட்டியை எடுத்துத் தின்றேன். இரண்டாம் நாளும் தின்றேன். மூன்றாம் நாள் அவர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, என் ரொட்டிக்குக் கால் மொளச்சிக்கிச்சா? தெனம் உங்க ஊட்டுக்கே வருது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாஷ்டாவுல பாதி நானே தரேன். மிச்சத்துக்கு நீ அழுதாலும் தர மாட்டேன். பேஜாரு பண்ணாத, சரியா?"

அப்படியே செய்தார். பாதி கொடுப்பார். மிச்சத்தை என் கண் முன்னாலேயே தின்பார். எனக்குச் சாப்பாட்டில் மாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முன் தலையை மழித்தார்கள். கழலாத மூன்று வளையலை நர்ஸ் துணி சுற்றி உடைத்தார். இவர் கையெழுத்துப் போட்டார். இவரும் கம்பெனி ஆட்கள் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் அன்று சம்பளம் கிடையாது. காலையில் உள்ளே போனேன். நினைவு வந்தபோது இரண்டாம் நாள் என்றார்கள்.

முதலில் தாகம் வந்தது. குடம் குடமாகக் குடித்தேன், அப்படியே சிறுநீராகப் போனது. அந்தக் கட்டிக்குப் பக்கத்தில் கை வைத்தால் அப்படி ஆகுமாம். ஊசி போட்டு நிறுத்தினார்கள். தலைவலி போய்விட்டது. பத்தாம் நாள் கட்டு மாற்றும்போது, இடது பக்கம் நின்ற நர்ஸின் கை தெரிந்தது. பக்கத்தில் இருப்பது தெரிந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பசி போகவில்லை. கூடியது.

பெரிய டாக்டர் மறைக்காமல் சொன்னார். கட்டியை எடுத்தாகிவிட்டது. ஆனால் அது ஒட்டிக்கொண்டிருந்த இடம் பாழாகிவிட்டது. அந்த இடத்துக்கு மருந்து இல்லை. உடம்புக்குத் தேவையான மற்றவற்றுக்கு மூன்று மாத்திரை, ஆயுள் முழுக்க.

"இனிமே இவங்களுக்குப் போதும்னு வெளியிலேர்ந்துதான் சொல்லணும். அளந்து போடணும். இவங்க கையில சட்டி இருக்கக் கூடாது. இப்ப எண்பத்தாறு கிலோ. விட்டா மூச்சு நிக்கும்."

"பொம்பள கையில சட்டி இல்லாம எப்டி சார்?" என்றார் இவர்.

"நீங்க போடுங்க."

இவர் மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு "செரி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் இரவு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். விடிந்து வந்து தானே உலை வைப்பார். ஆழாக்கால் அளந்து போடுவார். எல்லோரும் தின்றதும் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பார். எங்கள் வழக்கத்தில் சட்டியில் ஒரு பிடியாவது மீத்து வைக்க வேண்டும். துடைத்துக் கவிழ்த்தால் வீட்டுக்கு ஆகாது. மாமியார் கத்தினாள்.

"டேய், கவுத்த சட்டியில லச்சுமி தங்குவாளாடா? நீ பொண்டாட்டிக்கு உலை வெக்கறன்னு ஊரே சிரிக்குது."

"நான் தூங்கற நேரம் நீ பாத்துக்க" என்றார்.

அவர் பகலில் தூங்க வேண்டும். அந்த நேரத்தில் மாமியார் என் அடுத்த வேளைக் கஞ்சிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்வாள். என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை. தெருவில் தலை காட்ட முடியாமல் செய்தவள் நான். ஆனாலும் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் கஞ்சித் தண்ணியாவது குடு, அத்தே."

"நெறஞ்சிருக்குது."

சோற்றைப் பற்றி அவள் வாயில் இல்லை என்ற சொல் வராது. தீர்ந்துபோனாலும் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்வாள். நான் விடாமல் கேட்பேன். ஒரு மணிக்கு ஒரு தடவை. பிறகு அரை மணிக்கு ஒரு தடவை. ஒரு நாள் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். சட்டியைப் பிடுங்கவும் பார்த்தேன்.

"இல்ல" என்று கத்தினாள். "இல்லடி. உனக்கு இல்ல. தின்னுட்டு நீ செத்துப்போனா, மாமியாக்காரி சோத்தாலயே கொன்னுட்டாள்னு என்னத்தான காறித் துப்புவாங்க?"

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வெகுநேரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாளும் சட்டியோடு வந்து உட்கார்ந்தாள்.

மாதம் ஒரு முறை இவர் என்னை நெல் மண்டிக்கு அழைத்துப்போய் மூட்டைத் தராசில் நிறுத்துவார். எண்பத்தாறு. எண்பத்தெட்டு. எண்பத்தைந்து. ஒரு வருடம் போனது. இன்னொரு வருடம் போனது. எண்பத்து மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. ஏறவும் இல்லை. ஏறாததே பெரிது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது நடையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பதினைந்து வயது இருக்கும். தலையில் என்னுடையது மாதிரியே தழும்பு. அவள் அம்மா அவள் கையிலிருந்து எதையோ பிடுங்கி அவளை அடித்துக்கொண்டிருந்தாள். தின்னி, தின்னி என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். நான் போய் அது அவள் தப்பு இல்லை என்றேன். அந்த அம்மா என் உடம்பை மேலும் கீழும் பார்த்தாள். "நீ சொல்ல வந்துட்டியா?" என்றாள். நான் திரும்பி வந்துவிட்டேன். அவளிடம் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் நடந்ததையும் எழுத வேண்டும்.

வேப்பம்பட்டில் இருக்கும் என் நாத்தனாருக்குப் பிரசவம். இந்த முறை உண்மையான பிரசவம். மாமியார் போய்விட்டாள். ரோசம்மா கூலிக்குப் போயிருந்தாள். கம்பெனியில் ஆள் குறைவு என்று இவரைப் பகலிலும் வரச் சொன்னார்கள். போகாவிட்டால் வேலை போய்விடும். காலையில் கேழ்வரகுக் களி கிண்டி உருட்டி வைத்தார். ஏழு உருண்டை. எனக்கு மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. செல்விக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சோறு போடுவார்கள். சாயங்காலத்துக்கு இரண்டு. இவருக்கு ராத்திரி மூன்று.

"உனக்கு ரெண்டு" என்றார்.

"தெரியும்."

"போவட்டா?"

"நீ போய்யா. ரயிலு போய்டும்."

தெரு முனை வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

மத்தியானம் வரை பொறுத்தேன். என்னுடையதைத் தின்றேன். சாயங்காலத்து உருண்டையையும் அந்த இடத்திலேயே தின்றேன். சட்டியை மூடினேன். துணி துவைத்தேன். வாசல் பெருக்கினேன். திரும்பி வந்து சட்டியைத் திறந்தேன். அவருடையதில் ஒன்றைத் தின்றேன். வயிறு வலித்தது. இரண்டாவதைத் தின்றேன். பர்னஸ் முன்னால் நின்றுவிட்டு வருகிறவருடைய சாப்பாடு என்று தெரிந்துதான் தின்றேன். மூன்றாவதும் போனது.

மீதி இருந்தது செல்வியுடையது. கை சட்டிக்குள்தான் இருந்தது.

சட்டியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தனியாக இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. குழாயடியில் இருந்தவள் கேட்டாள். "இன்னா முனியம்மா, சட்டியோட கெளம்பிட்ட? ஊட்ல வெச்சா அது ஓடிப் பூடுமா?"

"இஸ்கூலுக்கு" என்றேன்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்தேன்.

"இத உன்னாண்ட வெச்சிக்க. நான் கேட்டா குடுக்காத."

"உன் சட்டிய உனக்கே குடுக்கக் கூடாதா? நல்லா கீதே."

"குடுக்காத."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். சிரித்தாள். இன்னொரு முறை கேட்டேன். அப்போது சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். சட்டியை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். அதன் பிறகும் கேட்டேன். அவள் தன் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. செல்வி மற்ற பிள்ளைகளோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் அவர்களை விட்டுத் தள்ளி வந்தாள்.

"நீ ஏம்மா இங்க வந்த?"

"நைனாவோடதத் தின்னுட்டேன்" என்றேன்.

கடலைக்காரி சட்டியை அவள் கையில் கொடுத்தாள். செல்வி துணியை அவிழ்த்து மூடியைத் திறந்து எண்ணினாள்.

இரண்டு.